காற்றாடியில் ஒரு கடையாணி

என் நகைப் பெட்டியில், தோடும் மூக்குத்தியும் கிடக்கிற அறைக்குப் பக்கத்து அறையில் ஓர் இரும்பு ஆணி இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட வராது. ஒரு முனை உளி பட்டுச் சிதைந்திருக்கும், மறுமுனை சுத்தியடி வாங்கி நசுங்கியிருக்கும். நகைக்கு மெருகு போட வருகிற ஆசாரியிலிருந்து என் மகள் வரைக்கும் எல்லாரும், "இது எதுக்கு இங்க?" என்று கேட்டாயிற்று. "கெடந்துட்டுப் போகட்டும், உன்னை என்ன கடிக்குதா?" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிடுவேன். தங்கத்தோடு இரும்பைச் சேர்த்து வைக்கக் கூடாது என்று புத்தி சொன்னவர்களும் உண்டு. எது கூடும், எது கூடாது என்று என் மாமனார் சொல்லிச் சொல்லியே எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. அந்த ஆணி அவருடையது. அதனால் புதிதாக யார் சொல்வதையும் நான் காதில் வாங்குவதில்லை.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மாமனார் குரல் கொடுத்தால் நான்கு வயல் தாண்டிக் கேட்கும். வீட்டுக்குள் பேசுவதும் அதே குரல்தான். உப்பு கேட்டாலும் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் நான் பயந்து நடுங்கினேன், அப்புறம் பழகிவிட்டது. தான் சொன்னது தப்பு என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. மழை வரும் என்று அவர் சொல்லி வராவிட்டால் தப்பு மழையுடையதாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் அவருக்கு நேர் எதிர், வாயில்லாப் பூச்சி. அப்பன் முன்னால் நின்றால் துண்டு தானாக இடுப்புக்கு வந்துவிடும்.

மாமனாருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. மாட்டுவண்டி எதைக் கண்டாலும் கிட்டே போய், சக்கரம் அச்சிலிருந்து கழன்று விழாமல் இருக்கக் குத்தியிருக்கும் கடையாணியைத் தொட்டு ஆட்டிப் பார்ப்பார். சொந்த வண்டி என்று இல்லை. சந்தையில் நிற்கிற வண்டி, முன்னே பின்னே தெரியாதவன் வண்டி, கோயிலுக்கு வந்த வண்டி, எல்லாவற்றுக்கும் இதுதான். "ஏனுங்க, எங்க வண்டிக்கு என்னங்க?" என்று வண்டிக்காரன் முறைத்தால், "ஒண்ணுமில்லப்பா, போ" என்று நகர்ந்துவிடுவார். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மாமியார் செத்துப்போயிருந்தார். தம்மம்பட்டிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் வண்டி குடை சாய்ந்ததில் போனார் என்று மட்டும் சொன்னார்கள். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் காப்பிக்கொட்டை சுமந்து சுமந்து ஓய்ந்துபோன ஒரு பழைய லாரியை மாமனார் எப்படியோ வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். கடலை மூட்டையை ஈரோட்டுக்கு ஏற்றிப் போகலாம் என்பது திட்டம். பெட்ரோலுக்குக் கூப்பன், டயருக்குத் தட்டுப்பாடு, ஒரு சின்னத் திருகு வேண்டுமென்றாலும் சேலத்துக்கு நடக்க வேண்டும். லாரி பாதி நாள் வேப்பமரத்தடியில் நிற்கும், கோழிகள் அதன் அடியில் முட்டையிடும். அதை ஓட்டுவதற்கு அம்மாபேட்டையிலிருந்து ஒரு டிரைவரை வைத்திருந்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, தறிக்குழியில் உட்கார முடியாமல் ஓடி வந்து ஸ்டியரிங் பிடித்தவர். எதற்கெடுத்தாலும் சிரிப்பார். மாமனார் லாரியை 'வண்டி' என்றும், கியரை 'மூக்கணாங்கயிறு' என்றும் சொல்வதைக் கேட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு மாமனாருக்கு ஆகவே ஆகாது.

என் மகளுக்குக் காது குத்தியபோது ஒரு விபரீதம் நடந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். என் தம்பி திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் சீரோடு வந்துகொண்டிருந்தான். வழியில் மாடு படுத்துவிட்டது. நேரம் போகிறது என்று மாமனார் குதித்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் கெஞ்சினேன். கேட்பாரா? முறையில் தாய்மாமனாகிற வேறொருத்தரை மணையில் உட்கார வைத்துக் காதைக் குத்தி முடித்துவிட்டார். தட்டும் தேங்காயும் பழமுமாக என் தம்பி பந்தலுக்குள் நுழைந்தபோது குழந்தை அழுது முடித்து வெல்லம் தின்றுகொண்டிருந்தது. அவன் சீர்த்தட்டை என் காலடியில் வைத்துவிட்டுக் கை நனைக்காமல் திரும்பிப் போனான். அன்றோடு போக்குவரத்து நின்றது. என் பிறந்த வீடு அம்மா இல்லாத வீடு. அப்பாவும் தம்பியும்தான் எனக்கு மிச்சம். அந்த வாசல் அடைத்துக்கொண்டதில் நான் அடுப்படியில் அழுத அழுகை யாருக்கும் தெரியாது.

இந்த லட்சணத்தில் என் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் வந்து நிற்க வேண்டும், கூறைப்புடவையின் ஒரு முனை அவன் கையிலும் மறுமுனை அவள் கையிலும் இருக்க, கல்யாணச் சடங்கு நடத்துகிற அருமைக்காரர் அந்தச் சீரைச் செய்துவைப்பார். அது ஆன பிறகுதான் தாலி. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அப்பா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார்: "வந்தா வரட்டும். நேரத்துக்கு வரலீன்னா பெரியப்பன் மக நிக்கிறா." மாமனார் செய்ததைத்தான் அப்பா திருப்பிச் சொல்லியிருந்தார். அன்றைக்கு என் இடத்தில் பெரியப்பா மகள் நின்றுவிட்டால் அப்புறம் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருக்காது. இது எனக்குத் தெரியும், மாமனாருக்கும் தெரியும்.

முந்தின நாளே வண்டி கட்டிப் போய்விடலாம் என்றேன். "எம்மருமக ரெண்டு வருசங்கழிச்சு அப்பனூட்டுக்குப் போறா, மாட்டுவண்டியில ஆடிக்கிட்டுப் போறதா? லாரில போயி எறங்கோணும்" என்றார். வீம்பு! கூப்பன் பெட்ரோலை அதற்காகவே மிச்சம் பிடித்து வைத்திருந்தார். மத்தியானம் டிரைவர் நாமக்கல்லுக்கு ஏதோ வாங்கப் போயிருந்த நேரத்தில் ஊர்க் கொல்லரைக் கூட்டிவந்து லாரியின் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் என்னவோ செய்தார். டங் டங்கென்று சத்தம் வந்தது. என்னவென்று எட்டிப் பார்த்த என்னை, "உனக்கு இங்க என்ன சோலி? போ அம்மணி" என்று விரட்டிவிட்டார். மறுநாள் விடிந்ததும் பார்த்தால் லாரிக்கு விளக்குக்கு விளக்கு சந்தனம், கண்ணாடிக்குக் குங்குமம், மூடியைத் தூக்கினால் உள்ளே எஞ்சினைக் குளிர்விக்கிற காற்றாடியின் நடுமூக்கிலும் சந்தனம் அப்பியிருந்தது. டிரைவர் பார்த்து வழக்கம்போல் சிரித்தார்.

நாமக்கல் கோட்டை பின்னால் மறைகிற வரைக்கும் நன்றாகத்தான் போனோம். முன்னால் டிரைவரும், மடியில் குழந்தையோடு நானும். பின்னால் சீர்ச்சாமான்களுக்கு நடுவில் மாமனாரும் வீட்டுக்காரரும். எலச்சிப்பாளையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பனங்காடு வரும். அங்கே படீரென்று சத்தம். கொஞ்ச தூரத்தில் மூக்கிலிருந்து புகைபோல ஆவி கிளம்பியது. காற்றாடியைச் சுற்றுகிற பெல்ட்டு அறுந்துவிட்டது. காற்றாடியும் தண்ணீர் பம்பும் அந்த ஒரே பெல்ட்டில்தான் ஓட வேண்டும், அது இல்லாமல் ஒரு மைல் போனால் எஞ்சின் வெந்துவிடும் என்றார் டிரைவர். ஆனால் முகத்தில் கவலை இல்லை. இருக்கைக்கு அடியில் பழைய துணியில் சுற்றி ஒரு பெல்ட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். "காத்தாடியக் கழட்டணும், பெல்ட்டை உள்ள நுழைக்கணும், மாட்டணும். வெத்தலை போட்டு முடிக்கறதுக்குள்ள கெளம்பிரலாங்க" என்றார். காற்றாடிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் விரல்கூட நுழையாது. அதனால் காற்றாடி வெளியே வந்தால்தான் வேலை. அது ஒரே ஒரு நட்டில் நின்றுகொண்டிருந்தது.

அந்த நட்டு அசையவில்லை. டிரைவர் சந்தனத்தை வழித்துப் போட்டுவிட்டு, "இதுல ஒரு கம்பி பின்னு குறுக்கால போட்டிருக்குமே, எப்பவோ அறுந்து விழுந்திருச்சு போல" என்று முணுமுணுத்தபடி ஸ்பேனரைப் போட்டார். வரவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார். காத்திருந்தார். வரவில்லை. ரேடியேட்டரிலிருந்து கொதிக்கிற தண்ணீரைப் பிடித்து நட்டின்மேல் விட்டார். சூட்டில் இளகும் என்றார். எங்கே இளகியது? என் வீட்டுக்காரர் காற்றாடியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, டிரைவர் ஸ்பேனருக்கு ஜாக்கியின் கைப்பிடியை முட்டுக் கொடுத்து அமுக்கினார். ஸ்பேனர் வழுக்கி, வீட்டுக்காரரின் முட்டித்தோல் உரிந்து ரத்தம் வந்தது. திருகுகிற திசை மாற்றிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், சாமியைக் கும்பிட்டும் பார்த்தார். டிரைவர் முகத்தில் சிரிப்பு இல்லாததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பனைமர நிழல் என் காலடிக்குச் சுருங்கி வந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது. குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது.

மாமனார் மைல்கல்லில் உட்கார்ந்திருந்தார். உலகத்தில் எந்த வேலை நடந்தாலும், அப்படிப் பிடி, இப்படித் தூக்கு என்று கத்துகிற மனுசன், அன்றைக்குத் துண்டை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். இவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், நான் போய்ச் சேராமல் இருப்பதுதான் இவருக்கு வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன். குழந்தையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"உங்க எண்ணம் நெறவேறிருச்சுங்களா மாமா? எந்தம்பியத்தான் அன்னிக்கு அப்பிடிப் பண்ணுனீங்க. இன்னிக்கு என்னையும் அனாதையாக்கிப் போட்டீங்க. இனி எம்மூஞ்சியில யாரு முழிப்பாங்க?"

மாமனார் முன்னால் மருமகள் உரத்துப் பேசாத காலம். வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். நான் சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் அந்தக் கல்லிலிருந்து எழுந்திருக்கவே மாட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. எழுந்து லாரிக்குப் போய், டிரைவரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, துண்டு முனையால் நட்டை அழுத்தித் துடைத்தார். மசியும் கிரீசும் குழைத்து அப்பியிருந்த பூச்சு பெயர்ந்து வந்தது. அடியில் பளபளவென்று அரம் பட்ட இரும்பு தெரிந்தது. நட்டின் இந்தப் பக்கம் புகுந்து, உள்ளே இருக்கிற தண்டைத் துளைத்து, அந்தப் பக்கம் வெளியேறி, இரண்டு முனையும் அடித்து நசுக்கப்பட்ட ஓர் ஆணி.

"கடையாணி அடிச்சுருக்கறேன்" என்றார். குரல் எழும்பவில்லை.

டிரைவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அடக்கமுடியாமல் சிரித்தார். "காத்தாடிக்கு கடையாணியா! மொதலாளி, நான் இன்னிக்குப் பூராத் திருகினாலும் வருங்களா இது?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கொல்லரைக் கொண்டு அந்த மெல்லிசுக் கம்பி பின்னை உருவிப் போட்டுவிட்டு, துவாரத்துக்கு இறுக்கமாக ஓர் ஆணி அடித்து இறக்கி, டிரைவர் பார்த்தால் சிரிப்பான் என்று மேலே பூசி மறைத்து, அதற்கும் மேலே சந்தனமும் வைத்திருக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் இவ்வளவு நேரம் கல்லில் உட்கார்ந்திருக்கிறார். மாமனார் உளியைக் கேட்டு வாங்கி, நசுங்கிய முனையைத் தானே வெட்டினார். டிரைவர் ஒரு கம்பியை வைத்துத் தட்ட, ஆணி மறுபக்கம் தெறித்து மண்ணில் விழுந்தது. அப்புறம் ஸ்பேனரை வைத்ததும் நட்டு சொன்னபடி கேட்டது. மாமனார் இடுப்பு மடிப்பிலிருந்து பழைய கம்பி பின்னை எடுத்து டிரைவரிடம் கொடுத்தார். அதைத் தூக்கிப் போடாமல் முடிந்து வைத்திருந்திருக்கிறார்.

அவர்கள் பெல்ட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது நான் அந்த ஆணியைக் குனிந்து எடுத்தேன். சுட்டது. மாமனார் என் பக்கத்தில் வந்து நின்றார். லாரியைப் பார்த்தபடியே பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

"அந்தக் கம்பி ஈர்க்குச்சியாட்டம் இருந்துச்சு அம்மணி. நீயும் கொழந்தையும் ஏறப்போற வண்டி. மனசு கேக்கல."

நான் ஆணியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கத்தை ஏறுன வண்டிக்கு நாந்தான் பூட்டுனேன். சந்தையில நேரமாச்சுன்னு சத்தம் போட்டுட்டு ஓட்டுனேன். அன்னைக்கு ஆணியத் தொட்டுப் பாக்கல."

அவ்வளவுதான் சொன்னார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரியின் பின்பக்கம் போய்விட்டார். சற்று முன்னால் யாரை நிற்க வைத்துச் சாடினேனோ, அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. விழவில்லை. டிரைவர் ஹாரனை அடித்தார், ஓடிப்போய் ஏறினேன். ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

நாங்கள் போய் இறங்கியபோது மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குள் தம்பி மணையில் நிற்க, பெரியப்பா மகள் புதுப்புடவை கட்டி அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அருமைக்காரர் கூறைப்புடவையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அப்பா எங்களைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பந்தல் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கிளம்பியது, நான்கு வயல் தாண்டிக் கேட்கும் குரல்.

"சம்பந்தி! எம்மருமக நேரத்துக்குத்தானுங்க கெளம்புனா. தப்பு எம்பேர்ல. லாரிக் காத்தாடிக்கு நான் கடையாணி அடிச்சுப் போட்டேன். கழட்ட முடியாம நடுரோட்டுல நின்னுட்டமுங்க."

மேளம் நின்றது. அப்புறம் யாரோ ஒருத்தர், "நொகத்தடியும் பூட்டியிருக்கலாமுங்களே!" என்றார். வந்திருந்த ஒறம்பரைச் சனம் மொத்தமும் சிரித்தது. பெண் வீட்டார் சிரித்தார்கள், சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவுக்கே மீசைக்கடியில் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்குங்க அப்பிடிப் பண்ணுனீங்க?" என்று கேட்டார். நான் மாமனார் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சொன்னதை இப்போது சொல்வார், எல்லார் வாயும் அடைத்துப்போகும் என்று நினைத்தேன்.

"கிறுக்குத்தானுங்க, வேறென்ன" என்றார் மாமனார்.

என் தம்பி மணையை விட்டு இறங்கி வந்தான். "அன்னைக்கு நாங்க வரக் கொள்ள நேரமாயிருச்சு, இன்னைக்கு உங்களுக்கு. சரியாப் போச்சுங்க மாமா, வந்து உக்காருங்க" என்று அவர் கையைப் பிடித்தான். பெரியப்பா மகள் தங்கமானவள், யாரும் சொல்லாமலே விலகி எனக்கு இடம் விட்டாள். கூறைப்புடவையின் முனை என் கைக்கு வந்தது. என் முந்தானை முடிச்சில் ஆணி கனத்தது. கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கல்யாணத்தில் அழுதால் தம்பி கல்யாணத்துச் சந்தோஷம் என்று நினைத்துக்கொள்வார்கள், அது ஒரு வசதி. அன்றைக்கு மாமனார் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

யுத்தம் முடிந்ததும் லாரி போயிற்று. அந்தக் கதை போகவில்லை. ஊருக்குள் அவருக்குக் 'காத்தாடிக்குக் கடையாணி அடிச்சவர்' என்று பேர் நின்றுவிட்டது. விசேஷத்துக்கு விசேஷம் யாராவது அதை எடுப்பார்கள், அவரைச் சுற்றி உட்கார்ந்து சிரிப்பார்கள். ஒருதரம் எனக்குப் பொறுக்கவில்லை, "உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தேன். மாமனார் என்னைப் பார்த்தார். "உடு அம்மணி, சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க" என்றார். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லாததை என்னிடம் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. தாயை இழந்த மகனிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. அவரும் இல்லை, வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் மறைக்க? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இன்று காலை மகள் ஊருக்குக் கிளம்பினாள். அன்றைக்கு மடியில் தண்ணீர் கேட்டு அழுதவள்தான், இப்போது அவளே கார் ஓட்டுகிறாள். சாமான்களை எல்லாம் ஏற்றிவிட்டு வழியனுப்பப் போன நான், என்னையறியாமல் குனிந்து முன்சக்கரத்தின் நடுவில் கையை வைத்துத் தடவினேன். வழவழவென்று ஒரு தகட்டு மூடி இருந்தது. பிடித்து ஆட்டிப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. இருந்தாலும் நான்கு சக்கரத்தையும் சுற்றி வந்து தொட்டேன்.

"என்னம்மா பாக்குற? வண்டிக்கு என்ன?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல சாமி, போ" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று உறைத்தது. கார் திருப்பம் தாண்டுகிற வரைக்கும் வாசலில் நின்றேன். உள்ளே வந்து பெட்டியைத் திறந்து ஆணியை எடுத்தேன். துரு ஏற ஆரம்பித்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, தோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.